தோள்வலியும் வினைக்கணக்கும்

கபிலவஸ்துவில் சாக்கியர்கள் புதிதாக ஒரு மண்டபம் கட்டினார்கள். வேறு யாரும் குடியேறுவதற்கு முன்னால் புத்தர் வந்து அதில் தங்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. விரிப்பு போட்டு, தண்ணீர்ப் பானை வைத்து, விளக்கேற்றி அழைத்தார்கள். அவரும் வந்தார். இரவு வெகுநேரம் அறம் பேசினார். பிறகு சீடர் ஆனந்தரிடம், மிச்சத்தை நீ சொல், எனக்கு முதுகு வலிக்கிறது, கொஞ்சம் படுக்கிறேன் என்றார். மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்பக்கமாகச் சாய்ந்துகொண்டார். பாலி மொழியில் உள்ள மஜ்ஜிம நிகாயத்தின் 53-ஆவது சூத்திரம் இதைச் சொல்கிறது. பாவா நகரத்தில் மல்லர் குலத்தார் கட்டிய மண்டபத்திலும் இப்படியே நடந்ததாக தீக நிகாயம் சொல்கிறது. அங்கே பேச்சைத் தொடர்ந்தவர் இன்னொரு சீடரான சாரிபுத்தர்.

ஆசையையும் வெறுப்பையும் மயக்கத்தையும் வேரோடு அறுத்தவர் என்று உலகம் வணங்கும் ஒருவருக்கு ஏன் முதுகு வலிக்க வேண்டும்? பின்னால் வந்த பௌத்தர்களை இந்தக் கேள்வி விடாமல் துரத்தியிருக்கிறது. அபதானம் என்ற நூல் அதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது: முன்பிறவி ஒன்றில் மற்போரில் இன்னொரு மல்லனைத் துன்புறுத்தினார், அதன் பலன்தான் இந்த முதுகுவலி. கணக்கு நேராகிவிட்டது. ஆனால் அதே பௌத்த மரபின் சம்யுத்த நிகாயத்தில் புத்தரே வேறொரு விடை சொல்கிறார். மோளிய சீவகன் என்ற துறவி அவரிடம் வந்து, மனிதன் அனுபவிக்கும் இன்பமும் துன்பமும் எல்லாமே முன்செய்த வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே, உங்கள் கருத்து என்ன என்று கேட்கிறான். புத்தர் ஒவ்வொன்றாக அடுக்குகிறார். பித்தத்தால் வரும் வேதனை உண்டு. கபத்தால், வாயுவால், மூன்றும் சேர்ந்ததால் வருவது உண்டு. பருவம் மாறுவதால், உடம்பைத் தாறுமாறாகப் பயன்படுத்துவதால், வெளியிலிருந்து வரும் தாக்குதலால் வருவது உண்டு. வினையின் விளைவாக வருவதும் உண்டு. எட்டில் ஒன்றுதான் வினை. எல்லாவற்றையும் அதன் தலையிலேயே கட்டுகிறவர்கள், தாங்கள் நேரில் அறிந்ததையும் உலகம் ஒப்புக்கொண்டதையும் தாண்டிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார்.

இந்த இரண்டு விடைகளில் எது பிக்குகளுக்கு ஏற்றது என்பதல்ல இங்கே விஷயம். நாள்பட்ட வலியோடு வாழும் எந்த மனிதரும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறார்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மாவுக்கு ஐம்பது வயது. இடது தோள்பட்டையில் வலி. தலை பின்னக் கை எழவில்லை. ஜாக்கெட்டுக்குள் கையை நுழைப்பதே பெரும்பாடு. மேல்தட்டு டப்பாவை எட்டி எடுக்கப் போனால் உயிர் போகிறது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்தால் தூக்கம் போச்சு. வீட்டில் முதலில் சுளுக்கு என்பார்கள், பிறகு வாயுப்பிடிப்பு என்பார்கள். தைலம் தேய்த்து நீவுவார்கள். மருந்துக்கடையில் வலிமாத்திரை வாங்கித் தருவார்கள். நான்கு மாதம், ஐந்து மாதம் ஓடிவிடும். கடைசியில் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் அதில் ஒன்றும் இருக்காது. அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேச்சுகள் கிளம்பும். ‘ஒண்ணுமில்லேன்னுதானே டாக்டர் சொல்லிட்டார்’ என்பது ஒன்று. ‘போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணினாளோ’ என்பது மற்றது. முதலாவது விஞ்ஞானத்தின் பெயராலும் இரண்டாவது சமயத்தின் பெயராலும் சொல்லப்படுகிறது. இரண்டும் செய்வது ஒரே வேலை. தேடலை நிறுத்திவிடுகின்றன.

நிறுத்துவதற்கு அந்த இரண்டுக்கும் என்ன உரிமை?

முதல் பேச்சை முதலில் பார்க்கலாம். மேலே சொன்ன அறிகுறிகளைக் கேட்டதும் அனுபவமுள்ள எலும்பு மருத்துவர் மனத்தில் எழும் பெயர் ‘ஃபுரோஸன் ஷோல்டர்’, தோள் இறுக்கம். தோள்மூட்டைச் சுற்றி உறை ஒன்று இருக்கிறது. அது அழற்சியால் தடித்துச் சுருங்கிவிடுவதுதான் இந்த நோய். பெரும்பாலும் நாற்பதிலிருந்து அறுபது வயதுக்குள், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகமாக வருகிறது. முதலில் சில மாதங்கள் வலி மிகும். அடுத்துச் சில மாதங்கள் வலி சற்று அடங்கி இறுக்கம் முற்றும். பிறகு மெல்ல இளகும். மொத்தத்தில் ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுகள் ஆகலாம். சுருங்குவது எலும்பு அல்ல, உறை. அதனால்தான் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரிவதில்லை. ‘ஒன்றுமில்லை’ என்று படம் சொல்வதற்கு, எலும்பு முறியவில்லை, மூட்டு தேயவில்லை என்பது மட்டுமே பொருள்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. அந்த எண்ணோடு சேர்த்துப் பார்த்தால், தோள் இறுக்கம் நம் தெருவிலேயே எத்தனை வீடுகளில் இருக்கக்கூடும் என்பது புரியும். பாவக்கணக்கைப் புரட்டும் வீட்டில் ரத்தச் சர்க்கரையைப் பார்த்திருக்கிறார்களா என்பது அதைவிட அவசரமான கேள்வி. தைராய்டு கோளாறுக்கும் இதோடு தொடர்பு உண்டு.

இதைக் கண்டுபிடிக்கும் முறை எளிமையானது. நோயாளி கையைத் தூக்க முயல்வார், முடியாது. பிறகு மருத்துவர் தன் கையால் அந்தக் கையைப் பிடித்து மெல்ல வெளிப்பக்கம் திருப்பிப் பார்ப்பார். அவராலும் திருப்ப முடியாவிட்டால் மூட்டே இறுகியிருக்கிறது. நோயாளியால் முடியாமல் மருத்துவரால் மட்டும் முடிந்தால், தசைநாண் கிழிந்திருக்கலாம் என்ற திசையில் யோசிப்பார். கழுத்தை அசைக்கும்போது வலி கைக்கு இறங்கினால் கழுத்து நரம்பைச் சந்தேகிப்பார். தோளில் உணரப்படும் வலி தோளில் பிறந்ததாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பித்தப்பையில் கல் இருந்தால் வலது தோளில் வலிக்கலாம். உதரவிதானத்துக்குப் போகும் நரம்பும் தோளின் தோலுக்கு வரும் நரம்பும் கழுத்தில் ஏறக்குறைய ஒரே இடத்திலிருந்து கிளம்புவதால் மூளை இடம் மாற்றி உணர்கிறது. நெஞ்சை அழுத்திக்கொண்டு இடது தோளில் வலி வந்தால் அது இதயமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. நுரையீரலின் உச்சியில் வளரும் கட்டிகூடச் சிலருக்கு முதலில் தோள்வலியாகத்தான் தலைகாட்டுகிறது. ஒரே வலிக்கு இத்தனை வாசல்கள் இருக்கும்போது, அத்தனைக்கும் ஒரே விடையாக வினையைச் சொல்வது பக்தியாகாது. அவசரத் தீர்ப்பு அது.

இந்த நோய்க்கு ‘ஃபுரோஸன் ஷோல்டர்’ என்று பெயர் வைத்தவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மன். 1934-ல் தோளைப் பற்றி மட்டுமே எழுதிய பெரிய நூலில் அந்தப் பெயர் வருகிறது. விளக்கவும் கடினம், குணப்படுத்தவும் கடினம், ஏன் வருகிறது என்று சொல்லவும் கடினம் என்று அந்த நூலிலேயே அவர் ஒப்புக்கொண்டார். காட்மனின் வாழ்க்கை இந்தக் கட்டுரைக்கு மிகவும் வேண்டிய ஒன்று. சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் மருத்துவமனை பின்தொடர்ந்து, உண்மையிலேயே குணமானாரா, இல்லையென்றால் ஏன் என்று எழுதி வெளியிட வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். சக மருத்துவர்களுக்கு அது பிடிக்கவில்லை. மசாசூசெட்ஸ் பொது மருத்துவமனையை விட்டு விலகினார். தானே ஒரு சிறிய மருத்துவமனை நடத்தி, அங்கே சிகிச்சை பெற்ற 337 பேரின் விவரங்களையும் அவற்றில் நேர்ந்த 123 பிழைகளையும் அச்சிட்டு எல்லோருக்கும் கொடுத்தார். வருமானம் போயிற்று, நட்பு போயிற்று. 1940-ல் இறந்தபோது அவர் கல்லறைக்குப் பெயர்க்கல்கூட இல்லை. 2014-ல்தான் வைத்தார்கள். நோயாளியின் சொல்லுக்கும் நோயின் உண்மைக்கும் ஒரு மருத்துவர் கொடுக்கக்கூடிய மரியாதை எவ்வளவு உயர முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

காட்மன் கேட்ட கேள்வியைத் தோள் மருத்துவம் இன்றும் தன்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறது. தோள்மேட்டு எலும்பின் அடியைச் சுரண்டி இடம் உண்டாக்கும் அறுவைச் சிகிச்சை உலகெங்கும் பல ஆண்டுகளாக நடந்துவந்தது. பிரிட்டனில் 313 நோயாளிகளை மூன்று குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு குழுவுக்கு அந்த அறுவை. இன்னொரு குழுவுக்குக் கருவியை நுழைத்துப் பார்த்துவிட்டு எதையும் சுரண்டாமல் மூடினார்கள். மூன்றாவது குழுவுக்கு எந்த அறுவையும் இல்லை. உண்மையான அறுவைக்கும் வெறுமனே திறந்து மூடியதற்கும் பலனில் வேறுபாடு இல்லை என்ற முடிவை லான்செட் இதழ் வெளியிட்டது. 2020-ல் வந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு தோள் இறுக்கம் உள்ள 503 பேரைப் பற்றியது. மயக்கம் கொடுத்துக் கையை அசைத்து விடுவிப்பது, துளைவழி அறுவையால் உறையை விடுவிப்பது, ஸ்டீராய்டு ஊசியோடு முறையான பிசியோதெரபி ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். ஓராண்டு முடிவில் மற்ற இரண்டையும் தெளிவாக மிஞ்சியது என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

அறிவு இப்படித் தன்னையே சோதித்துக்கொள்வதைப் பார்க்கும்போது அதன் மேல் மரியாதை கூடுகிறது. தன் எல்லையைச் சொல்லத் தெரிந்த மருத்துவம் நம்பத்தக்கது.

படமும் வலியும் ஒன்றல்ல என்பதற்கு எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. 1995-ல் அமெரிக்காவில் தோளில் எந்த வலியும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 34 சதவீதம் பேருக்குத் தசைநாணில் கிழிசல் இருந்தது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கு மேல். வலி தெரியாமல் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கிழிசல் இருக்கிறது, வலி இல்லை. அந்த அம்மாவுக்கு வலி இருக்கிறது, எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. அப்படியானால் வலி எங்கே இருக்கிறது, அதற்கு யார் சாட்சி?

ஆஸ்திரியாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் தத்துவம் சொல்லித்தந்த லுத்விக் விட்கன்ஸ்டைன் இதைத் தீவிரமாக யோசித்தவர். அவர் இறந்தபின் 1953-ல் வெளிவந்த நூலில் ஒரு கற்பனை வருகிறது. ஒவ்வொருவரிடமும் ஒரு பெட்டி. உள்ளே இருப்பதை எல்லோரும் வண்டு என்கிறார்கள். யாரும் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்க்க முடியாது. வலியை இப்படிப் பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பொருளாக நினைத்தால் நாம் வழிதவறிப்போவோம் என்பது அவர் வாதம். குழந்தை விழுந்து அழுகிறது, தாய் ஓடிப்போய்த் தூக்குகிறாள். வலி என்ற சொல் அந்த இடத்தில்தான் முளைக்கிறது. தாய் முதலில் சான்று கேட்டுப் பிறகு தூக்குவதில்லை. இன்னொருவரின் வேதனையை நம்புவது, ஆதாரங்களைக் கூட்டிக் கழித்துக் கடைசியில் வந்து சேரும் முடிவு அல்ல. மனிதர்களுக்கு நடுவில் வாழ்வது அதிலிருந்துதான் தொடங்குகிறது.

சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-ல் வகுத்த இலக்கணத்தை 2020-ல் திருத்தியபோது இதையே தன் மொழியில் சொன்னது. வலி என்பது புலனும் உணர்ச்சியும் சேர்ந்த அனுபவம். திசு சேதமடைந்திருக்கலாம், அல்லது சேதம் போலவே உணரப்படலாம். ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்று தனிக் குறிப்பே எழுதிச் சேர்த்தார்கள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறார்கள். ஆகவே ‘ஒன்றுமில்லை’ என்ற முதல் பேச்சுக்குத் தத்துவத்திலும் இடமில்லை, மருத்துவத்திலும் இடமில்லை.

இரண்டாவது பேச்சு இன்னும் ஆழமானது. தமிழ் மண்ணில் வினை என்பது எளிதில் தள்ளிவிடக்கூடிய கருத்து இல்லை. சைவம், வைணவம், சமணம், பௌத்தம் நான்கும் தங்கள் தங்கள் வழியில் அதை ஏற்றவை. அப்படியானால் வினையை நம்புகிறவர் மருந்து தேடலாமா? தேடுவது விதியோடு மல்லுக்கட்டுவது ஆகாதா? இதற்கு விடை சொன்ன ஒரு நிகழ்ச்சி கொங்கு நாட்டில் நடந்திருக்கிறது.

திருஞானசம்பந்தர் அடியார் கூட்டத்தோடு கொடிமாடச் செங்குன்றூருக்கு வந்தார். இன்றைய திருச்செங்கோடு அது. குளிர்காலம். கூட்டத்தில் பலருக்கு நடுக்கும் காய்ச்சல் கண்டது. இது இந்த மண்ணின் இயல்பு, இந்தப் பருவத்தில் வருவதுதான் என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள். சம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார், காய்ச்சல் அந்த நாட்டையே விட்டு நீங்கியது என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். அந்தப் பதிகத்தின் முதல் பாட்டில் இருக்கும் வாதத்தை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. முன்செய்த வினைக்கு இந்த வினை என்று பேசத் தெரிந்திருக்கிறீர்களே, அதிலிருந்து பிழைக்கும் வழியைத் தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குக் குறையல்லவா என்று அவர் தம் அடியார்களையே கேட்கிறார். வினை இல்லை என்று அவர் மறுக்கவில்லை. வினையை ஏற்றுக்கொண்டு, அதே மூச்சில், சும்மா இருப்பதைக் கண்டிக்கிறார். ஏழாம் நூற்றாண்டில் ஒரு பக்திப் பாடலுக்குள் இவ்வளவு தெளிவான வாதம் உட்கார்ந்திருப்பது வியப்பு.

வள்ளுவரிடமும் இதே தெளிவு. ஊழின் வலிமையைத் தனி அதிகாரமாக அறத்துப்பாலின் கடைசியில் வைத்தவர் அவர். ஆனால் பொருட்பாலில் 95-ஆவது அதிகாரமாக மருந்தைப் பற்றிப் பத்துக் குறள் எழுதும்போது, அவற்றில் ஒன்றில்கூட ஊழைக் கொண்டுவரவில்லை. நோய் வருவதற்கு உணவும் செயலும் மிகுவதையும் குறைவதையும் காரணமாகச் சொல்கிறார். முதலில் நோயை ஆராய வேண்டும், பிறகு அதன் மூலத்தை, பிறகு தணிக்கும் வழியை என்று வரிசை வைக்கிறார். மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் வேண்டும் என்று நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்பவர் என்று எண்ணுகிறார். ஊழுக்கு உரிய இடத்தில் ஊழ், மருந்துக்கு உரிய இடத்தில் மருந்து.

வடமொழியின் சரக சம்ஹிதையில் அக்னிவேசர் தம் ஆசிரியர் ஆத்ரேயரிடம், மனிதனின் ஆயுள் முன்பே முடிவானதா என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. எல்லாம் முடிவானது என்றால் மூலிகைக்கும் மந்திரத்துக்கும் வேலையே இல்லையே என்று ஆசிரியர் திருப்பிக் கேட்கிறார். முன்வினையும் இன்றைய முயற்சியும் எதிரெதிராக இழுக்கின்றன, வலியது வெல்லும் என்பது அவர் தரும் விடை.

மற்றச் சமயங்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கின்றன. விவிலியத்தில் யோபு உடலெங்கும் புண்ணோடு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறார். அவரைத் தேற்ற வந்த நண்பர்கள் முதல் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல நண்பர்கள். வாய் திறந்ததும், நீ ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும் என்று வாதாடத் தொடங்கினார்கள். கதையின் முடிவில் கடவுள் கோபித்துக்கொள்வது அந்த நண்பர்களைத்தான். யோவான் நற்செய்தியில் பிறவிக் குருடர் ஒருவரைக் காட்டி, பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று சீடர்கள் கேட்கிறார்கள். இவனும் இல்லை, பெற்றவர்களும் இல்லை என்கிறார் இயேசு. நபிகள் நாயகத்திடம் பாலைவனத்து மக்கள், நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமை ஒன்றைத் தவிர மருந்தில்லாத நோயை இறைவன் படைக்கவில்லை என்று அவர் சொன்னதாக ஹதீஸ் தொகுப்புகள் பதிவு செய்கின்றன.

காவிரிப் படுகையில் வைத்தீஸ்வரன் கோயிலும் வேளாங்கண்ணியும் நாகூர் தர்காவும் ஒன்றுக்கொன்று அதிக தூரமில்லை. நோய் தீர வேண்டி மூன்று இடங்களுக்கும் மக்கள் போகிறார்கள். வைத்தீஸ்வரன் கோயிலில் இறைவனுக்கே வைத்தியநாதர் என்று பெயர். வேளாங்கண்ணியில் மாதாவுக்கு ஆரோக்கியம்தான் பெயர். வெள்ளித் தகட்டில் செய்த கையையும் காலையும் கண்ணையும் நேர்ந்துகொண்டு செலுத்துகிறார்கள். வலியோடு போகிற யாரிடமும் அந்தச் சந்நிதிகள் முன்வினைக் கணக்கைக் கேட்பதில்லை. எந்த உறுப்பு நோகிறதோ அந்த உறுப்பை வைக்கச் சொல்கின்றன. அம்மாவின் தோளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் சொந்தக்காரர்களைவிட அந்த உண்டியல் கருணை உள்ளது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். அப்பருக்குச் சூலை நோயைக் கொடுத்ததே சிவபெருமான் என்றுதானே பெரிய புராணம் சொல்கிறது? வலிக்கு அருள் என்றும் பொருள் இருக்கலாம் அல்லவா? இருக்கலாம். சமண மடத்தில் இருந்த அப்பர், வயிற்றைப் பிசைந்த அந்த வலியால் திருவதிகைக்கு, தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்தார். அந்த வலி தன்னைத் தடுத்தாட்கொண்டது என்பது அவர் தாமே உணர்ந்து சொன்னது. திலகவதியார் செய்தது வேறு. தம்பியிடம் அவர் கணக்கு கேட்கவில்லை. திருநீறு கொடுத்து, கோயிலுக்கு அழைத்துப் போனார். வலியின் பொருளைச் சொல்லும் உரிமை வலிப்பவருக்கு மட்டுமே உண்டு. பக்கத்தில் இருப்பவர் செய்யக்கூடியது திலகவதியார் செய்தது. ஒரு பெண் தன் வலியைப் பற்றி, இது என் வினை, என் சாமி என்னைச் சோதிக்கிறார் என்று சொல்லிக்கொள்ளலாம். அது அவள் நம்பிக்கை, பல நேரம் அவளைத் தாங்கும் பலம். அதே சொல்லை இன்னொருவர் அவளைப் பார்த்துச் சொன்னால் அது குற்றச்சாட்டு ஆகிவிடுகிறது.

அந்தக் குற்றச்சாட்டு வலியைக் கூட்டவும் செய்யும். இரண்டாம் உலகப் போரில் இத்தாலியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர், கடுமையாகக் காயம்பட்ட வீரர்களைக் கேட்டுப் பார்த்தார். ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் வலிமருந்து தேவையில்லை என்றார்கள். அவர்களுக்கு அந்தக் காயம் போரிலிருந்து கிடைத்த விடுதலை, உயிரோடு ஊர் திரும்புவதற்கு வழி. அதே அளவு காயம் ஒரு சாதாரண மனிதருக்கு விபத்தில் ஏற்பட்டால் அது குடும்பத்தின் மேல் இடி, அவர் மருந்து கேட்பார். காயத்தின் அளவு மட்டும் வலியைத் தீர்மானிப்பதில்லை, காயத்துக்கு மனம் தரும் பொருளும் சேர்ந்து தீர்மானிக்கிறது. அச்சமும் நம்பிக்கையின்மையும் கூடினால் நாள்பட்ட வலியும் கூடுகிறது என்று வலி மருத்துவர்கள் இன்று சொல்கிறார்கள். புத்தர் இதை இரண்டு அம்புகளாகச் சொல்லியிருக்கிறார். முதல் அம்பு உடலில் தைக்கிறது. அதை நினைத்து மனம் புலம்புவது இரண்டாவது அம்பு. நோயுற்றவளின் பாவத்தைப் பற்றிக் கூடத்தில் உட்கார்ந்து பேசும் உறவினர்கள் அந்த இரண்டாவது அம்பை அவள் கேட்காமலேயே எய்கிறார்கள்.

ஏற்றுக்கொள்ளுதல் என்று ஒன்று வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். தோள் இறுக்கத்துக்கு அது இல்லாமல் முடியவே முடியாது. ஊசி போட்ட மறுநாள் கை மேலே போய்விடாது. சுவரில் விரலால் படிப்படியாக ஏறும் பயிற்சியை மாதக்கணக்கில் செய்ய வேண்டும், சில வாரம் முன்னேற்றமே தெரியாது. இந்தப் பொறுமை ஒரு தவம். ஆனால் நோய் என்னவென்று தெரிந்த பிறகு வரும் பொறுமைக்கும், தெரிந்துகொள்ளாமலேயே தலையில் கைவைத்து உட்காருவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ரமண மகரிஷியின் கடைசி ஆண்டு இதற்குப் பெரிய உதாரணம். அவருடைய இடது மேற்கையில், முழங்கைக்குச் சற்று மேலே ஒரு சிறு கட்டி வந்தது. பிறகு அது சார்க்கோமா என்னும் புற்று என்று தெரிந்தது. உடம்பு நான் அல்ல என்பதை வாழ்நாளெல்லாம் போதித்தவர் அவர். 1949-ல் நான்கு முறை அறுவைக்குக் கையை நீட்டினார். ரேடியம் வைத்தார்கள். சித்த மருந்தும் ஆயுர்வேதமும் ஹோமியோபதியும் கொடுத்தார்கள், எதையும் வேண்டாம் என்று தள்ளவில்லை. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனைக்கு மட்டும் இணங்கவில்லை. இந்த உடம்பே ஒரு நோய்தான், அது அதன் வழியில் முடியட்டும் என்ற பொருளில் பதில் சொன்னார். 1950 ஏப்ரல் 14 அன்று இறந்தார். உடம்பு தான் அல்ல என்று உறுதியாக இருந்த ஒருவரே மருத்துவரிடம் கையை நீட்டியிருக்கிறார். உடம்பே எல்லாமாக இருக்கும் நமக்கு நீட்டுவதில் என்ன கூச்சம்?

பௌத்த விநய நூலில் இன்னொரு காட்சி உண்டு. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடந்த பிக்கு ஒருவரை யாரும் கவனிக்கவில்லை. புத்தரும் ஆனந்தரும் தண்ணீர் கொண்டுவந்து அவரைக் கழுவித் தூக்கிக் கட்டிலில் கிடத்தினார்கள். பிறகு புத்தர் எல்லோரையும் கூட்டி, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குப் பணிவிடை செய்யட்டும் என்றார். இந்தப் பிக்கு முன்பிறவியில் என்ன செய்தார் என்ற பேச்சு அந்த இடத்தில் வரவில்லை. நீங்கள் ஏன் இவரைப் பார்த்துக்கொள்ளவில்லை என்றுதான் கேட்டார்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு மூன்று மாதத்துக்கு மேல் தோள் வலித்துக்கொண்டிருந்தால் அவரை எலும்பு மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தனியாக அனுப்பாதீர்கள், கூடப் போங்கள். கையை அசைத்துப் பார்க்காமல் படத்தை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதினால் இன்னொரு மருத்துவரிடம் போங்கள். ரத்தச் சர்க்கரையும் தைராய்டும் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். நெஞ்சில் பாரம், மூச்சுத் திணறல், விடாத காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, கை மரத்துப்போதல் ஆகியவற்றில் எது சேர்ந்து வந்தாலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். நெஞ்சுப் பாரமும் மூச்சுத் திணறலும் என்றால் அந்த நிமிடமே கிளம்புங்கள். பிசியோதெரபி சொன்னால் பயிற்சி செய்யும்போது பக்கத்தில் இருங்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதாவிடமோ வேண்டிக்கொண்டிருந்தால் அதையும் தவறாமல் செலுத்துங்கள். அவருடைய பாவக்கணக்கை மட்டும் கேட்காதீர்கள்.